ஸிரோ பள்ளத்தாக்கு: லிங்கமும் நெல்வயலும்

அருணாசலப் பிரதேசத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,000 அடி உயரத்தில், பைன் மரக் குன்றுகள் சூழ விரிந்திருக்கிறது ஸிரோ பள்ளத்தாக்கு. இங்குள்ள கார்டோ காட்டில், 2004-ஆம் ஆண்டு மரம் வெட்டும்போது, சுமார் 25 அடி உயரமுள்ள லிங்க வடிவப் பாறை வெளிப்பட்டது. சித்தேஸ்வர நாதர் என்னும் திருநாமத்தில் அருள்பாலிக்கும் அப்பெருமானைத் தரிசிக்க, மகா சிவராத்திரி நாளில் பக்தர்கள் திரள்கின்றனர்.

தரிசனம் முடிந்ததும் பலர் உடனே திரும்பிவிடுகின்றனர். ஆனால், அந்தக் காட்டுக்குக் கீழே பரந்து கிடக்கும் பசுமையும் வணங்கத்தக்கதே.

இப்பள்ளத்தாக்கின் மக்கள் அபதானியர். ஏரும் மாடும் இன்றி, கைக்கருவிகளாலேயே இவர்கள் நெல் விளைவிக்கின்றனர். மலையோடைகளின் நீர் வாய்க்கால் வழியே வயல்தோறும் பாய்கிறது. தேங்கிய நீரில் மீன் வளர்கிறது. வரப்பின்மேல் கேழ்வரகு விளைகிறது. ஓர் அடி நிலமும் வீணாவதில்லை.

அபதானியரின் மரபு வழிபாட்டில் சூரியனும் சந்திரனும் முதன்மை பெறுகின்றனர். 'நிபு' எனப்படும் பூசாரிகள், ஏட்டில் எழுதாது வாய்மொழியாகவே காத்துவரும் மந்திரங்களை ஓதுகின்றனர். ஆண்டுதோறும் ஜூலை 5-ஆம் நாள் 'திரீ' திருவிழா. பயிரைப் பூச்சி தீண்டாதிருக்கவும், பஞ்சமும் நோயும் அண்டாதிருக்கவும் வேண்டி, வந்தோர்க்கெல்லாம் வெள்ளரிக்காய் வழங்குகின்றனர். கோயில் பிரசாதம் பெற்றுப் பழகிய கைகளுக்கு அதன் பொருள் எளிதில் விளங்கும்.

முகத்தில் பச்சை குத்தி, மூக்கின் இருபுறமும் வட்டக் கட்டைகள் அணிந்த மூதாட்டியரை இங்கே காணலாம். 1970-களில் இவ்வழக்கம் நின்றுவிட்டது. இதைத் தாங்கிய கடைசித் தலைமுறையினர் இவர்களே. அனுமதி கேளாமல் அவர்கள் முகத்தெதிரே கைப்பேசியை நீட்டுவது, கருவறையில் படமெடுப்பதற்கு ஒப்பான பிழை. இவர்களுக்குக் கோயில் இல்லையே என இரங்குவதும் அறியாமையே. வயலையே வழிபாட்டோடு பிணைத்து வாழ்பவர்கள் இவர்கள்.

ரயிலில் நாகர்லகுன் வந்து, அங்கிருந்து மலைச்சாலையில் சுமார் 100 கிலோமீட்டர் செல்ல வேண்டும். வெளிமாநிலத்தவர் 'இன்னர் லைன்' அனுமதிச் சீட்டை முன்கூட்டியே பெறுவது அவசியம். சித்தேஸ்வரரைத் தரிசித்தோர் ஒரு நாளேனும் கூடுதலாகத் தங்கி, கேழ்வரகுப் பயிர் மிதிபடாமல் அவ்வரப்புகளில் நடந்து வருதல் நலம்.