கயிறு தொட்டவருக்கெல்லாம் மீன்

தனுஷ்கோடிக் கரைவலைக்காரர்களுக்கு இரண்டு கடல். சாலைக்கு வடக்கே பாக் விரிகுடா, அது பெண்கடல். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண்கடல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆண்கடல் குமுறிக்கொண்டே இருக்கும், அப்போது வலை வடக்குக் கரைக்குப் போய்விடும். ஐப்பசியில் வாடை எழும்பியதும் வல்லத்தையும் வலையையும் கயிற்றுச் சுருள்களையும் தெற்கே கொண்டுவந்துவிடுவார்கள். இடையில் உள்ள மணல் சில இடங்களில் ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை. ஒரு கடல் சீறும்போது இன்னொரு கடல் சோறு போடும் இப்படிப்பட்ட இடம் தமிழ்நாட்டுக் கரையில் அரிது.

நான் போனது தை மாதம். கம்பிப்பாடு குடியிருப்புக்குச் சற்றுத் தள்ளித் தென்கடலில் வலை இறங்கியிருந்தது. கூட்டிப்போன நண்பர் ராமநாதபுரத்தில் பள்ளி ஆசிரியர். அவருடைய சித்தப்பா இந்த வலையில் இழுக்கிறார், அறுபதைத் தாண்டியவர். சாலையை விட்டு இறங்கியதும் நண்பர் செருப்பைக் கழற்றினார், வேட்டியை மடித்துக் கட்டினார், என்னை மறந்தார். திரும்பிப் பார்த்தால் கயிற்றில் நிற்கிறார். பள்ளிக்கூடத்தில் காலாண்டு விடைத்தாள் திருத்தவே அலுத்துக்கொள்கிற மனிதர் அவர்.

கரைவலை எப்படிப் போடப்படுகிறது என்பதைக் கரையில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு காலைப்பொழுதில் புரிந்துவிடும். நடுவில் பை மாதிரியான மடி. அதன் இரு பக்கமும் நீண்ட கை வலைகள். மடிக்கு அருகே கண்ணி நெருக்கமாக இருக்கும், விலக விலக அகன்றுகொண்டே போகும். கைகளின் முனையில் கயிறு, ஒவ்வொரு பக்கமும் பல நூறு மீட்டர். ஒரு கயிற்றின் தலைப்பைக் கரையில் நிற்பவர்களிடம் கொடுத்துவிட்டு வல்லம் புறப்படும். தண்டு வலித்துப் போகப் போகக் கயிற்றை விடுவார்கள். பிறகு ஒரு கை வலை, பிறகு மடி, பிறகு மறு கை. அரைவட்டமாகச் சுற்றி, கரையில் இன்னொரு இடத்தில் மறு கயிற்றின் தலைப்போடு வந்து சேருவார்கள். அதற்குப் பிறகு படகுக்கு வேலையில்லை. மிச்சமெல்லாம் இடுப்புக்குத்தான்.

இடுப்புக்கு என்று சொல்வது அலங்காரத்துக்கு அல்ல. இழுப்பவர் ஒவ்வொருவரும் இடுப்பில் ஒரு பட்டை கட்டியிருக்கிறார். அதிலிருந்து தொங்கும் சிறு கயிற்றைப் பெருங்கயிற்றில் ஒரு சுழற்றுச் சுழற்றினால் பிடித்துக்கொள்ளும்; தளர்த்தினால் விட்டுவிடும். உடம்பின் பாரம் முழுவதையும் பின்னால் சாய்த்து, குதிகாலை மணலில் பதித்து, பின்னோக்கி நடக்கிறார்கள். வரிசையின் கடைசிக்கு வந்தவர் கட்டை அவிழ்த்து, தண்ணீர் ஓரம் போய், மறுபடி முதல் ஆளாகக் கோத்துக்கொள்கிறார். வந்த கயிற்றை ஒருவர் சுருட்டி அடுக்குகிறார். பெரும்பாலும் வயதானவருக்கோ கை கால் முடியாதவருக்கோ அந்த வேலை. அவருக்கும் பங்கு உண்டு.

அன்று இரண்டு கயிற்றிலும் சேர்த்து முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். அதில் பெண்கள் உண்டு. பள்ளி விடுமுறை நாள் என்பதால் பிள்ளைகளும் உண்டு. கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி, இழுக்காமல், ஆனால் கையை எடுக்காமல் கூடவே நடந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் நின்றவர் என்னைப் பார்த்து, "எங்க இருந்து வர்றீக?" என்றார்.

"மதுரைங்க."

"மருதயா? சரி, சும்மா நிக்காம ஒரு கை போடுங்க. கறிக்கு மீன் உண்டு."

கறிக்கு மீன் என்பது இந்தக் கரையின் எழுதாத சட்டம். பங்குக் கணக்கில் வராதவர்கள்கூட, கயிற்றைத் தொட்டிருந்தால், அன்றைய குழம்புக்கு ஒரு கை மீன் எடுத்துக்கொண்டு போகலாம். கணவனை இழந்தவர், வேலை தேடி வந்த வெளியூர்க்காரர், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர் யாரானாலும் சரி. பாட்டியின் கை கயிற்றிலேயே ஏன் இருந்தது என்பது பிறகுதான் உறைத்தது.

கூட்டமாக மீன் பிடிப்பதில் ஒரு களிப்பு இருக்கிறது. அதை நான் கடலில் கற்றவனில்லை. எங்கள் பக்கத்தில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தா, கச்சா, பரி என்று மீன்பிடிக் கருவிகளோடு நூற்றுக்கணக்கானவர்கள் சேற்றுக்குள் பாய்வார்கள். அப்பாவுக்கு விரால் சிக்கிவிட்டால் மாமாவிடம் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருப்பார். சிக்கியது சிறியது என்பது கேட்பவர்களுக்குத் தெரியும், இருந்தாலும் யாரும் குறுக்கிட மாட்டார்கள். அந்தத் திருவிழா வருடத்தில் ஒரு நாள் கூத்து. கம்பிப்பாட்டில் அதையே பிழைப்பாக வைத்திருக்கிறார்கள். வேறுபாடு பெரிது. எனக்கு மீன் கிடைக்காவிட்டால் வீட்டில் சாம்பார், இவர்களுக்குக் கடன்.

கடன் யாரிடம்? பெரும்பாலும் மீனை எடுக்கும் வியாபாரியிடம். வலை வாங்க, கயிறு மாற்ற, வல்லம் பழுது பார்க்க, அவற்றின் சொந்தக்காரரான சம்மாட்டி முன்பணம் வாங்கியிருப்பார். முன்பணம் கொடுத்தவருக்குத்தான் மீன். விலையும் அவர் வாயிலிருந்துதான் வரும். இந்த வலையில் டீ, சாப்பாட்டுச் செலவு போக வருவதில் பாதி வலைக்கும் வல்லத்துக்கும் என்று சம்மாட்டிக்குப் போகிறது. மீதியை இழுத்தவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். ஊருக்கு ஊர், வலைக்கு வலை இந்தக் கணக்கு மாறும். சம்மாட்டி என்றதும் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆளைக் கற்பனை செய்ய வேண்டாம். இங்கே சம்மாட்டியும் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டுதான் நின்றார்.

இழுக்கத் தொடங்கி ஒன்றரை மணி நேரத்துக்குள் பேச்சு மாறியது. முதலில் ஊர்க்கதை, கல்யாணக் கதை, யார் வீட்டு ஆடு யார் குடிசைக்குள் புகுந்தது என்ற வழக்கு. வலையின் கைகள் தெரியத் தொடங்கியதும் அதெல்லாம் நின்றது. தொலைவில் இருந்த இரண்டு கயிற்று ஆட்களும் மெல்ல மெல்ல ஒருவரை ஒருவர் நெருங்கினார்கள். ஒருவர் கழுத்தளவு நீரில் மடிக்குப் பக்கத்தில் நீந்தியபடி கையைக் காட்டிக் கத்தினார்: கிழக்குக் கயிறு முந்துகிறது, மேற்கே இழு. இரண்டு பக்கமும் சமமாக வராவிட்டால் மடி திரும்பி மீன் வெளியேறிவிடும். அடிக்கயிறு தரையை விட்டு எழும்பினாலும் அப்படித்தான். முன்பெல்லாம் இந்தக் கட்டத்தில் அம்பா பாடுவார்களாம். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் மூச்சோடு சேர்த்துத் திருப்பிச் சொல்ல, இழுப்பு ஒன்றாக விழும். இன்று ஒரு பையனின் மடியில் இருந்த கைபேசியில் சினிமாப் பாட்டு ஓடியது. தாளம் சரியாகவே இருந்தது.

மடி கரையேறியபோது கூட்டம் முழுவதும் அதன்மேல் குனிந்தது. சூடை, காரல், நெத்திலி, கொஞ்சம் பாறைக் குட்டி, இரண்டு மூன்று கணவாய், ஊதிப்போன ஒரு பேத்தை, வழுவழுவென்று சொறி. ஒரு கடலாமையும் இருந்தது. அதை முதலில் தூக்கிக்கொண்டு போய் நீரில் விட்டார்கள். சட்டத்துக்குப் பயமா என்றேன். "அதும் இருக்கு. ஆமை வலையில கெடந்தா வலையும் கிழியும்ல" என்றார் ஒருவர். பாக் விரிகுடாவின் வடபகுதியில் கரைவலையில் சிக்கும் ஆவுளியா என்ற கடற்பசுவையும் இப்படியே விடுகிறார்கள், அதற்கு வனத்துறை பாராட்டும் பரிசும் கொடுக்கிறது. அங்கே 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. உள்ளே வந்த விலங்கு செத்துப்போகாமல் கரைவரை வருவதால்தான் இந்த விடுவிப்பு சாத்தியமாகிறது. விசைப்படகின் இழுவைமடியில் அதற்கு வாய்ப்புக் குறைவு.

மரபான தொழில் என்றாலே கடலுக்கு இதமானது என்று எழுதிவிடுவது பத்திரிகைக்காரர்களுக்கு எளிது. மடியின் கண்ணி கொசுவலைக்குக் கொஞ்சம்தான் மூத்தது. அன்று வந்த பாறைக் குட்டிகள் வளர்ந்திருந்தால் ஒவ்வொன்றும் கிலோக் கணக்கில் நின்றிருக்கும். அவை நெத்திலியோடு சேர்ந்து கூடைக்குப் போயின. மீன்வள அறிஞர்கள் கரைவலைமீது வைக்கும் குறையும் இதுதான். கடற்புல்லை அரிக்கிறது, குஞ்சுகளை வாரிக்கொண்டு வருகிறது என்பார்கள். இதைச் சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"பெரிய கண்ணி போட்டா நெத்திலி எப்படி நிக்கும்? நெத்திலி இல்லாட்டி இத்தன பேருக்குக் கூலி எப்படி நிக்கும்? முன்னாடியெல்லாம் கரைக்கே பெரிய மீன் வரும். அது வர்ற வழியில யாரு நிக்கிறான்னு போயி பாருங்க."

வழியில் நிற்பது விசைப்படகு. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரை விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்றது. பாக் விரிகுடாவில் வாரத்தின் நாட்களையும் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். காகிதத்தில் கோடு நேராக இருக்கிறது. கடலில் கோட்டைப் பார்த்தவர் யாருமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. அந்த மாதங்களில்தான் கரைவலை மீனுக்கு விலை ஏறும், வெளியூர் வேலைக்குப் போன ஆட்களும் திரும்பி வந்து கயிறு பிடிப்பார்கள். சித்தப்பா சொன்ன பதில் முழு விடை ஆகாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தவறை முதலில் யாரிடம் கேட்க வேண்டும் என்ற வரிசையில் இவர்கள் கடைசியில் நிற்பவர்கள்.

இங்கே குடியிருப்பதே ஒரு வகை அடம். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை முடித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் 100க்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ரயிலையும் தலைமன்னார்க் கப்பலையும் நம்பி வாழ்ந்தவர்கள் போய்விட்டார்கள்; கடலை நம்பியவர்கள் திரும்பி வந்தார்கள். இடிந்த கோயிலையும் ரயில் நிலையத்தையும் படம் எடுக்க வருகிறவர்கள், ஓலைக் குடிசைகளை இடிபாடுகளின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. கேட்காமலே கதவுக்குள் கேமராவை நீட்டுகிறார்கள். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு மீன் கூடை சீக்கிரம் ராமேசுவரம் போகிறது. சங்குக் கடையும் மாங்காய்க் கடையும் முளைத்து, கயிற்றில் நின்ற சில பெண்கள் கடைக்குப் போய்விட்டார்கள். இது நல்லதா கெட்டதா என்று அந்தப் பெண்களிடம் கேட்டால் சிரிக்கிறார்கள். கடையில் இடுப்பு வலிக்காது.

அன்று மதியம் இன்னொரு வலை வைப்பதா வேண்டாமா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. நீரோட்டம் மாறிவிட்டது என்று ஒரு கட்சி; காலையில் கிடைத்தது டீச்செலவுக்கே சரி என்று மறுகட்சி. வைக்கவில்லை. ஆளுக்கு வந்த பங்கு, மதுரையில் ஒரு கொத்தனாரின் அரைநாள் கூலிக்குக்கூடக் காணாது.

உடம்பெல்லாம் நொந்திருக்கும், போய்ப் படுப்பார்கள் என்று நினைத்தேன். நான்கு மணிக்குச் சித்தப்பா ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தார். உள்ளே கட்டையில் சுற்றிய தங்கூசி நரம்பு, ஈயக்குண்டு, காலையில் எடுத்து வைத்த கணவாய்த் துண்டு. பேரன் கூடவே. இன்னும் நாலைந்து பேர் அவரவர் டப்பாவோடு சாலை ஓரத்துப் பாறைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். காலையில் ஒரே கயிற்றில் இழுத்தவர்கள்தான். பகல் முழுதும் மீன் பிடித்தவர்கள் மாலையில் பொழுதுபோக்காகவும் மீன்தான் பிடிக்கிறார்கள். கைத்தூண்டிலைத் தலைக்குமேல் சுழற்றி வீசிவிட்டு, நரம்பை ஆள்காட்டி விரலில் ஏந்திக்கொண்டு, கிண்டல் தொடங்கியது. யாருடைய முள்ளில் பேத்தை கடிக்கிறதோ அவர் டீ வாங்க வேண்டும். கடித்தது நண்பருடைய முள்ளில். வாத்தியார் மாத்திரம் எப்போதும் பேத்தையைத்தான் பிடிப்பார் என்று மச்சான் முறை உள்ள ஒருவர் சொல்ல, நண்பருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

பேரன் தூண்டிலை இழுக்கும் அவசரத்தைத் தாத்தா கட்டுப்படுத்திக்கொண்டிருந்தார். முதல் தட்டலுக்கு இழுக்காதே, அது மோந்து பார்க்கிறது, இரண்டாவதில் விழுங்கும். காலை வலையில் பையனுக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை, பார்த்தே பழகுகிறான். இங்கே மட்டும் ஒவ்வொரு அசைவுக்கும் பாடம். பையனின் அப்பா கத்தாரில் கட்டட வேலையில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். கடைசியாக வந்தபோது நடந்ததை, இருட்டிய பிறகு குடிசையில் கஞ்சி ஊற்றிக்கொண்டே சித்தி சொன்னார்.

"மதுரையில பிளேன் எறங்குனவன் நேரா வீட்டுக்கு வருவான்னு பாத்தா, பொட்டிய வேலிகிட்ட போட்டுட்டு ஓடிப்போயி கயித்துல நிக்கிறான். பேண்ட்டு போட்டபடிக்கு! பொண்டாட்டி வாசல்ல நிக்கிறா. சரி, பொட்டியில செண்டு இருக்கும், சேல இருக்கும்னு தொறந்தா, பாதிப் பொட்டி தூண்டி முள்ளு. அங்க லீவு நாள்ல கூட்டாளிகளோட கடல் ஓரம் போயி தூண்டி போடுறானாம். அந்தக் கடையில நல்ல முள்ளு கெடைக்குமாம். அப்பனுக்கு அஞ்சு பாக்கெட்டு, சித்தப்பன் மகனுக்கு ரெண்டு, மாமனுக்கு ரெண்டு."

"உங்களுக்கு என்ன கொண்டுவந்தார்?" என்றேன்.

"மீனு அறுக்கக் கத்தி" என்றார் சித்தி. சித்தப்பா சிரித்துக்கொண்டே அந்தக் கத்தியை எடுத்துவந்து காட்டினார். நல்ல கத்திதான்.