'ஒய்' அடிப்பதற்கு முன்

சேத்துப்பட்டு என்றதும் சென்னைக்காரர்கள் எழும்பூருக்கு அடுத்த ரயில்வே ஸ்டேஷனை நினைத்துக்கொள்வார்கள். நான் சொல்வது அது இல்லை. ஆரணிக்குத் தெற்கே, போளூரிலிருந்து வந்தவாசி போகிற ரோட்டில் இருக்கிற சேத்துப்பட்டு. ஆரணிப் பட்டு நெய்கிற வட்டாரம். அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். அவள் வீட்டில் நுழைந்ததும் தறிதான். கட்டில், டி.வி., பீரோ எல்லாம் தறி விட்டுவைத்த இடத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும்.

2025 மே மாதம், ராத்திரி பதினோரு மணிக்கு அக்கா பையனிடமிருந்து போன்.

"மாமா, கறுப்பா இருக்குது."

"என்னடா கறுப்பு?"

"லேப்டாப். லாகின்னு வெள்ளை எழுத்து மட்டும் வருது. ஐகானு, மௌஸு ஒண்ணுமே இல்ல."

அவன் குரல் நடுங்கியதற்குக் காரணம் உண்டு. அவன் அப்பா இந்தப் பக்கத்தில் பேர் போன டிசைன்காரர். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் பார்டர் வரைவார். ஒரு கட்டம் ஒரு இழை. ருத்ராட்சம், அன்னம், கோபுரம் எல்லாம் அப்படித்தான் பிறக்கும். அதைப் பார்த்து அட்டையில் துளை அடித்து, ஜக்கார்டில் மாட்டினால் சேலையில் விழும். அவர் போனதற்கு அப்புறம் பரணிலிருந்த தாள்களைக் கரையான் தின்ன ஆரம்பித்துவிட்டது. மிஞ்சியதைப் பையன் இரண்டு வருஷமாக உட்கார்ந்து, கட்டம் கட்டமாக 'கிம்ப்' என்கிற இலவச மென்பொருளில் ஏற்றியிருந்தான். நாற்பத்து மூன்று பார்டர். ஒரே லேப்டாப். வேறு காப்பி கிடையாது. அதில் ஒன்று வைகாசி முகூர்த்தத்துக்கான ஆர்டர். சனிக்கிழமைக்குள் அட்டை அடிப்பவர் கைக்குப் போயாக வேண்டும்.

அந்த லேப்டாப் ப்ளஸ் டூவில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. 2011-ல் இந்தத் திட்டம் ஆரம்பித்தபோது விண்டோஸோடு சேர்த்து 'பாஸ்' என்கிற லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். சென்னை சி-டாக் தயாரித்தது, டெபியன் வழி வந்தது. பல பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது வேறு கதை. பையனுடைய மிஷின் வயசாகி விண்டோஸில் முக்க ஆரம்பித்தபோது, அதில் டெபியனைப் போட்டுக் கொடுத்த பெருமை என்னுடையது. பாவமும்தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

லினக்ஸ் பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் எங்கேயோ டவுன்லோடு செய்து 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' அடிப்போம். லினக்ஸில் அதற்கென்று ஒரு அண்ணாச்சி உண்டு. பேக்கேஜ் மேனேஜர் என்று பேர். டெபியன் குடும்பத்தின் அண்ணாச்சிக்கு 'ஆப்ட்' என்று பேர். 1998-லிருந்து கடையில் இருக்கிறார். கறுப்புத் திரையில் 'ஆப்ட் இன்ஸ்டால் கிம்ப்' என்று அடித்தால், கிம்ப்புக்கு என்னென்ன துணைச் சரக்கு வேண்டும் என்று அவரே கணக்குப் போட்டு எடுத்து வருவார். இதற்கு இது வேண்டும், அதற்கு அது வேண்டும் என்று சங்கிலி நீளும். சில சமயம், "இது உள்ளே வரணும்னா உங்க வீட்டில் இருக்கிற அதைத் தூக்கிப் போடணும், சம்மதமா?" என்றும் கேட்பார். ஒய் அல்லது என். அவ்வளவுதான் கேள்வி.

நடந்தது இதுதான். அந்த வருஷம் மார்ச்சில் கிம்ப் 3.0 வந்தது. பையனுடைய டெபியன் 12-ல் இருந்ததோ பழைய 2.10. டெபியனின் ஸ்டேபிள் பதிப்பு அப்படித்தான். சோதித்த சரக்கை மட்டும்தான் வைத்திருக்கும். பையனுக்குப் புதுசு மேல் ஆசை. யாரோ எழுதிய குறிப்பைப் பார்த்து, அடுத்த பதிப்புக்காகத் தயாராகிக்கொண்டிருந்த 'டெஸ்டிங்' கிடங்கின் முகவரியையும் லிஸ்ட்டில் சேர்த்துவிட்டான். புது கிம்ப் புது லைப்ரரிகளைக் கேட்டது. அவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற சி லைப்ரரியையே மாற்றச் சொன்னது. பழைய டெஸ்க்டாப்பில் பாதி இதற்கு ஒத்துவரவில்லை. ஆப்ட் ஒளிக்கவில்லை. கழற்றப்போவதை எல்லாம் ஒரே பத்தியாக, கமா கூட இல்லாமல் நெருக்கிப் போட்டுக் காட்டி, தொடரலாமா என்று கேட்டது.

பையன் ஒய் அடித்தான்.

இதில் அவன் தனி ஆள் இல்லை. 2021-ல் லினஸ் செபாஸ்டியன் என்கிற பிரபல கனடா யூடியூபர் (லினக்ஸைச் செய்த லினஸ் வேறு) 'பாப் ஓஎஸ்' என்ற லினக்ஸில் ஸ்டீம் என்கிற கேம் மென்பொருளைப் போடப்போனார். அப்போது அதன் பேக்கேஜில் ஒரு கோளாறு. டெஸ்க்டாப்பே போய்விடும் என்று எச்சரித்த ஆப்ட், நிஜமாகவே வேண்டுமென்றால் 'யெஸ், டூ ஆஸ் ஐ ஸே!' என்று முழுசாக டைப் அடிக்கச் சொன்னது. மனுஷர் ஆச்சரியக்குறியோடு அடித்தார். டெஸ்க்டாப் போயே போச்சு. அதற்கப்புறம், முக்கியமான பேக்கேஜ்களை இப்படிக் கழற்றிவிட முடியாதபடி ஆப்ட்டை இறுக்கினார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து சேத்துப்பட்டு போய்ச் சேர்ந்தேன். பையன் ராத்திரி தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. அக்கா தறிக்குழியிலிருந்து ஏறாமலே, "அவங்க அப்பா போட்டதெல்லாம் போயிடுச்சாடா?" என்றாள். கேட்ட விதத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

முதலில் பென் டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பி உள்ளே பார்த்தேன். ஃபைல்கள் பத்திரமாக இருந்தன. பேக்கேஜ் மேனேஜர் நம் சொந்த ஃபோல்டரைத் தொடாது. அதன் வேலை மென்பொருளோடு சரி. பையன் ஒவ்வொன்றாக எண்ணினான். நாற்பத்து மூன்று. இன்னொரு பென் டிரைவில் காப்பி எடுத்த பிறகுதான் அக்கா காபி போட எழுந்தாள்.

"பழையபடி திருப்ப முடியாதா மாமா?"

அவனிடம் இருந்த ஆப்ட்டில் 'அன்டூ' இல்லை. என்ன போட்டோம், என்ன கழற்றினோம் என்பது லாகில் பதிவாகும். ஆனால் அடித்தள லைப்ரரியைப் புதுசிலிருந்து பழசுக்கு இறக்குவதை டெபியனே ஆதரிப்பதில்லை. சுத்தமாகத் துடைத்து மறுபடி போடுவதுதான் வழி என்றேன். கேட்டுக்கொண்டிருந்த அக்கா சொன்னாள்: "நாலு ஊடை தப்பாப் போட்டா பிரிச்சு எடுத்துடலாம். பாவையே அறுத்துட்டா என்னா பண்றது?"

சி லைப்ரரி என்றால் என்ன என்று இதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

டெபியனை மறுபடி போட்டுக்கொண்டே, ஆப்ட்டுக்கு மாற்று என்ன இருக்கிறது என்று பையனுக்கு விளக்கினேன். மாற்றுகள் இரண்டு ஜாதி. முதல் ஜாதியில் அதே கடை, அதே சரக்கு. கல்லாவில் மட்டும் வேறு ஆள். 'ஆப்டிட்யூட்' 1999-லிருந்து இருக்கிறது. சிக்கல் வந்தால் ஒரு தீர்வு சொல்லும். வேண்டாம் என்றால் இன்னொன்று சொல்லும். கொஞ்சம் வளவள, ஆனால் நம்மைப் படிக்க வைக்கும். 'சினாப்டிக்' மௌஸ்காரர்களுக்கு. 'நாலா' சமீபத்து வரவு. போடுவது, ஏற்றுவது, கழற்றுவது என்று தனித்தனி அட்டவணை போட்டு, கலர் காட்டிக் கேட்கும். நடந்ததற்கெல்லாம் நம்பர் கொடுத்து வைத்திருப்பதால், போட்டதையும் கழற்றியதையும் திருப்பிக்கொள்ளலாம். பதிப்பு ஏற்றியதைத் திருப்ப அதற்கும் தெரியாது. அதாவது அன்றைக்கு நாலா இருந்திருந்தாலும் பையனைப் பின்னால் இழுத்திருக்காது. முன்னாலேயே உறைக்கும்படி காட்டியிருக்கலாம்.

இரண்டாவது ஜாதி, கடையே வேறு. 'ஃப்ளாட்பேக்' ஒரு மென்பொருளை அதன் துணைச் சரக்கோடு தனி அறையில் வைக்கும். நம் சி லைப்ரரியைத் தொடாது. கிம்ப்காரர்களே ஃப்ளாட்பேக்காகத் தருகிறார்கள். இதற்கு விலை, இடமும் டேட்டாவும். 'நிக்ஸ்' இன்னும் ஒரு படி மேலே. நெதர்லாந்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2003-ல் ஆரம்பித்து, 2006-ல் டாக்டர் பட்டமே வாங்கிய யோசனை. புதுசு வந்தாலும் பழசை அழிக்காமல் பக்கத்திலேயே தனி விலாசத்தில் வைத்திருக்கும். பிடிக்காவிட்டால் பழைய தலைமுறைக்கே திரும்பிவிடலாம். அழகான யோசனை. ஆனால் சனிக்கிழமை டெலிவரி இருக்கிறவன் வியாழக்கிழமை கற்றுக்கொள்கிற சமாசாரம் இல்லை.

செல்போன் டேட்டாவில் ஃப்ளாட்பேக் கிம்ப் இறங்க அரை மணிக்கு மேல் ஆயிற்று. 3.0 திறந்தது. பையன் ஆர்டர் பார்டரைத் திறந்து, அன்னத்தின் மூக்கில் ஒரு கட்டத்தை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்தான். சும்மா, தன் கைக்கு வந்ததா என்று.

சாப்பிடும்போது கேட்டேன். "அத்தனை பேர் போட்டிருந்ததே, ஒண்ணையாவது படிச்சியா?"

"இல்ல மாமா. நீங்கதான் சொன்னீங்களே."

"நான் என்ன சொன்னேன்?"

"மொத மொத போட்டுக் கொடுத்தப்போ. 'ஆப்ட் இன்ஸ்டால் அடி, ஏதாச்சும் கேக்கும், ஒய் அடிச்சிடு'ன்னு."

சொல்லியிருப்பேன். சொன்னேன். பாவம் என்னுடையது என்றேனே, இதுதான். இருபது வருஷம் லினக்ஸோடு குடித்தனம் பண்ணியவனுக்கு அந்தக் கேள்வி பழகிப்போய்க் காதில் விழுவதில்லை. அதையே கற்றுக் கொடுத்துவிட்டேன். அவன் அப்பா ஒரு கட்டம் தப்பினால் சேலை முழுக்கத் தப்பும் என்று சொல்லிக் கொடுத்தார். மாமன் படிக்காமல் தலையாட்டச் சொல்லிக் கொடுத்தான். எந்த மாற்று நல்லது என்று கேட்பவர்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான்: எது முன்னால் தெளிவாகக் காட்டுகிறதோ, எதில் பின்னால் திரும்ப வழி இருக்கிறதோ, அது. வேகமெல்லாம் அப்புறம்.

ஆர்டர் சனிக்கிழமை போய்ச் சேர்ந்தது. பென் டிரைவ் இப்போது பூஜை அலமாரியில், அவன் அப்பா படத்துக்குக் கீழே இருக்கிறது. மாசம் ஒரு தரம் புதுசாகக் காப்பி. அக்காவே ஞாபகப்படுத்துகிறாளாம்.

பையனிடமிருந்து போன வாரம் போன்.

"மாமா, நாலாவில் ஒண்ணு போடறேன். படிக்கட்டுமா?"

"படி."

"இன்ஸ்டால் ஆறு. அப்கிரேடு பூஜ்யம். ரிமூவ்..." ஸ்க்ரோல் பண்ணுகிறான் போலிருக்கிறது. "பூஜ்யம்."

"சரி, ஒய் அடி."

"இருங்க மாமா, இன்னொரு தடவ பாத்துக்கறேன்" என்றான்.