முழங்கால் வலிக்கு முதுகில் வைத்தியமா?



ஜெபத்தை "முழங்கால் யுத்தம்" என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். தானியேலும் பாபிலோனில் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டான். ஆனால் முழு இரவு ஜெபத்தில் முழங்கால் போட முடியாமல், "என் விசுவாசம் குறைந்துவிட்டதோ, பாஸ்டர்?" என்று கண்ணீர் விடும் தாய்மார்களை மாஹிமில் நான் மாதந்தோறும் சந்திக்கிறேன். விடியுமுன் இட்லிக்கு மாவரைத்து, குந்தியிருந்து பாத்திரம் துலக்கி, தாராவியின் மாடி அறைக்கு இரும்பு ஏணியில் குடத்தோடு ஏறுகிறவர்கள் அவர்கள். வலி அவிசுவாசத்தின் அடையாளம் அல்ல.

எங்கள் சபைச் சகோதரி ஒருவர் இரண்டு வருஷம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தார். பிசியோதெரபிஸ்ட்டோ முழங்காலோடு நிறுத்தாமல், அவரைக் குப்புறப் படுக்கவைத்து அடிமுதுகையும் இடுப்பையும் சோதித்தார். "வலிக்கிற இடம் அதுவல்லவே!" என்று சகோதரி என்னிடம் முறையிட்டார். காரணம் உண்டு. தொடையின் முன்புறத் தசையை இயக்கும் நரம்பு, அடிமுதுகின் இரண்டாம், மூன்றாம், நான்காம் முள்ளெலும்புகளின் அருகிலிருந்தே புறப்படுகிறது. அங்கே நரம்பு அழுத்தப்பட்டால் முழங்காலில் வலி தெரியலாம், தொடைத்தசையும் பெலனிழக்கலாம். இடுப்பு மூட்டின் தேய்மானமும் முழங்கால் வலியாக வேஷம் போடும். யாக்கோபுக்குத் தொடப்பட்டது தொடைச்சந்துதான். அவன் நடையே மாறிப்போயிற்று.

முன்முழங்கால் வலியுள்ளவர்களுக்கு அடிமுதுகில் சிகிச்சை செய்தபோது தொடைத்தசை முன்னிலும் நன்றாக இயங்கியதைக் கனடாவின் கல்கரி ஆராய்ச்சியாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். 2008-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், இப்படி முதுகை அழுத்திச் சரிசெய்த 49 பேரில் 22 பேருக்கு வலி உடனே பாதியாகவோ அதற்கும் மேலாகவோ குறைந்தது, அல்லது நல்ல முன்னேற்றம் தெரிந்தது. மீதி 27 பேரையும் எண்ணிப் பாருங்கள். உடனே குறைந்தது நிலைத்திருக்குமா என்பதும் வேறு கேள்வி. இத்தகைய வலிக்குக் கைச்சிகிச்சையை மட்டும் தனியே நம்பவேண்டாம், இடுப்புக்கும் முழங்காலுக்குமான உடற்பயிற்சியே பிரதானம் என்று அமெரிக்க பிசியோதெரபி வழிகாட்டி 2019-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் சகோதரிக்கும் அப்படியே: கைச்சிகிச்சை நாலைந்து நாள் சுகம் தந்தது, தினசரிப் பயிற்சிதான் ஏணி ஏறவைத்தது.

ஆகையால் தெருவில் "சடக்" என்று முதுகில் நெட்டி எடுப்பவரிடம் போகாதிருங்கள். எலும்பு தேய்ந்த முதியோர் முக்கியமாய்ப் போகவேண்டாம். பரேல் கே.இ.எம். மருத்துவமனையில், போலியோ வாட்டிய 1950-களின் தொடக்கத்தில், தேசத்தின் முதல் பிசியோதெரபி பள்ளி தொடங்கிற்று. நமக்கு அருகில் சயான் மருத்துவமனையும் உண்டு. முழங்காலோடு முதுகையும் இடுப்பையும் சோதிக்கும்படி கேளுங்கள். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு இழந்தாலோ, காய்ச்சலோடு முழங்கால் வீங்கினாலோ, அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள். எசேக்கியா ராஜா கண்ணீரோடு ஜெபித்தான். ஏசாயா அத்திப்பழப் பற்றும் போடச் சொன்னான்.

இதற்கிடையில் எங்கள் ஆலயத்தில் முன்வரிசையில் பத்து நாற்காலிகள் போட்டிருக்கிறோம். கூச்சப்படாமல் அமருங்கள். தாவீது கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்தே ஜெபித்ததை 2 சாமுவேல் 7-ஆம் அதிகாரத்தில் காணலாம்.