சாணத்தில் குறையில்லை... குழாயில்தான் கசிவு!

“தினமும் சாணம் கரைச்சு ஊத்துறேன். நாள் முழுக்கச் சேர்த்தாலும் அடுப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல எரிய மாட்டேங்குது சார்!”

கோபர் கேஸ் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரு காலத்தில் என் பதில் தயாராக இருக்கும்: “சாணத்தைக் கூட்டிப் போடுங்க.” அதை நம்பி ஆறு மாதம் சாணத்தைக் கொட்டிய ஒருவர், கடைசியில் கலனையே மண் போட்டு மூடிவிட்டார். அளந்து பார்க்காமல் நான் சொன்ன யோசனை அது. அந்தப் பக்கம் போனால் இன்றும் மனசு உறுத்தும்.

சென்ற மாதம் ஓர் அம்மா இதே கேள்வியோடு வந்தார். 2 கன மீட்டர் கலன். “டூம்ல விரிசல், உடைச்சுக் கட்டணும்னு கொத்தனார் சொல்றார் சார்” என்றார். தினமும் 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். அளவு சரிதான். கிலோவுக்குச் சுமார் 40 லிட்டர் கேஸ் என்றால், நாளைக்கு 2,000 லிட்டர் கிடைக்க வேண்டும்.

இந்த முறை நண்பர் ஒருவரிடம் ரோட்டாமீட்டரை இரவல் வாங்கிப் போனேன். கைக்கு அடக்கமான கருவி. கீழே குறுகி, மேலே போகப் போக அகலும் கண்ணாடிக் குழாய். உள்ளே சின்ன மிதவை. கீழிருந்து ஏறும் கேஸ் மிதவையைத் தூக்கும். அது நிற்கும் கோடுதான் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதன் கணக்கு. செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். சாய்ந்தால் அளவு தப்பும். காற்றை அளக்கக் கோடு போட்ட மீட்டர்தான். ஆனால், 60 சதவிகிதம் மீத்தேனும் 40 சதவிகிதம் கரியமில வாயுவும் கலந்த சாண எரிவாயு காற்றைவிடக் கொஞ்சம்தான் லேசு. அதனால் 3 சதவிகிதம் அளவுக்கே வித்தியாசம் வரும்.

கலனின் வால்வை மூடி, அதை ஒட்டிய ஹோஸைக் கழற்றி, இடையில் மீட்டரைப் பொருத்தினேன். அடுப்பை மூடிவிட்டு வால்வைத் திறந்தேன். குழாய் நிரம்பியதும் மிதவை அடியில் உட்கார வேண்டும். உட்காரவில்லை. 1 லிட்டர் கோட்டிலேயே நின்றது.

“ஒரு லிட்டர்தானே சார்?”

“நிமிஷத்துக்கு ஒரு லிட்டர்மா. நாளைக்கு 1,440 நிமிஷம்.”

2,000 லிட்டரில் 1,440 வழியிலேயே போனால், மிச்சம் 560. ஒற்றை பர்னர் அடுப்பே மணிக்குச் சுமார் 450 லிட்டர் கேட்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் எப்படி எரியும்? மீட்டர் இருந்தது கலன் வாசலில். அப்படியென்றால், கேஸ் போவது அதைத் தாண்டியுள்ள குழாயில்.

சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே போனோம். மாட்டுக் கொட்டகை ஓரம், மாட்டுக் கயிறு இழுத்து அசைந்திருந்த எல்போவில் நுரை பொங்கியது. எல்போவை மாற்றியதும் மிதவை அடியில் உட்கார்ந்தது.

“கொத்தனாருக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேனே சார்... திருப்பிக் கேக்கணும்” என்று சிரித்தார் அந்த அம்மா.

மீட்டர் இல்லாதவர்கள், அடுப்பை மூடி, வால்வைத் திறந்து வைத்து, எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். தீக்குச்சி கொளுத்திக் கசிவு தேடவே கூடாது. குழாயைக் கழற்றும்போது பக்கத்தில் அடுப்போ, பீடியோ இருக்கக் கூடாது. சுடர் துள்ளித் துள்ளி எரிந்தால், குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கும். தாழ்வான இடத்தில் வடித்துவிடுங்கள்.

கலனை மூடியவர் வீட்டுக்கும் ஒருநாள் போக வேண்டும். கலன் இனி உதவாது. தப்பு என் மேல்தான் என்றாவது சொல்லிவிட்டு வரலாம்.