விதைநெல்லும் காவலரும்

பால்டிமோர் கலை அருங்காட்சியகம் எங்கள் தமிழ்த்துறை நண்பர்களிடையே பெரும் வழக்காக மூண்டது 2020 அக்டோபரில். இணையவழி வகுப்புகள் முடிந்தபின் நால்வர் தொலைபேசியில் கூடுவது அந்நாட்களில் எங்கள் வழக்கம். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்திலுள்ள அவ்விடத்தை எங்களில் எவரும் கண்டதில்லை. கோன் சகோதரியர் தேடிச் சேர்த்த மத்தீஸின் படைப்புகளால் அது பெயர்பெற்றது என்பதும், 2006 முதல் அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை என்பதும் படித்தறிந்தவையே.

பெருந்தொற்றில் கதவடைத்த அருங்காட்சியகங்கள் வருவாயிழந்து தவித்தபோது, வட அமெரிக்கக் கலை அருங்காட்சியக இயக்குநர்கள் சங்கம் அவ்வாண்டு ஏப்ரலில் ஒரு விதியைத் தளர்த்தியது. தொகுப்பிலுள்ள படைப்பை விற்ற பணத்தில் வேறு படைப்பு வாங்கலாமேயன்றிப் பிறவற்றுக்குச் செலவிடலாகாது என்பது பழைய விதி. ஈராண்டுக்கு மட்டும், தொகுப்பின் பராமரிப்புக்கும் எடுத்தாளலாம் என்றாயிற்று. பால்டிமோர் இவ்வாய்ப்பைப் பற்றிக்கொண்டது. ஆண்டி வார்ஹோல், பிரைஸ் மார்டன், கிளிஃபர்ட் ஸ்டில் ஆகியோரின் ஓவியங்கள் மூன்றை விற்று 6.5 கோடி டாலர் திரட்டுவது திட்டம். ஸ்டில்லின் ஓவியம் அவரே அளித்த கொடை என்பதை நினைக்கையில் நெஞ்சு சற்றுக் கனத்தது. பராமரிப்புக்கு இந்நிதி உதவினால், மிச்சமாகும் பணத்தில் ஊழியரின் குறைந்த சம்பளத்தை உயர்த்தலாம்; பெண்களும் கறுப்பினத்தவரும் படைத்தவற்றை மேலும் வாங்கலாம். பால்டிமோர் மக்களுள் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர் என்பதை இங்கே மறக்கலாகாது.

எதிர்ப்பு பொங்கியது. அறங்காவலர் குழுவின் முன்னாள் தலைவர் இருவர், தாம் தருவதாகச் சொல்லியிருந்த 5 கோடி டாலரைத் திரும்பப் பெற்றனர். அக்டோபர் 28 அன்று, ஏலத்துக்குச் சில மணி நேரமே இருக்கையில், விற்பனை கைவிடப்பட்டது.

‘விதைநெல்லைக் குத்தித் தின்பவன் உழவனா?’ என்றார் எங்களுள் ஒருவர். இன்னொருவர் விடவில்லை. இளையான்குடி மாறனார் என்ன செய்தார்? அன்று விதைத்த நெல்லை மழையிருளில் வாரிவந்துதானே விருந்தினருக்குச் சோறாக்கினார்? அதைத் திருத்தொண்டு என்று பாடம் நடத்துகிறோமே! அப்படியாயின் அருங்காட்சியகத்தின் விருந்தினர் யார், கூலி போதாத காவலரா, இனி வரவிருக்கும் தலைமுறையா? நள்ளிரவு வரை வழக்கு தீரவில்லை. மாறனார் தம் நெல்லை எடுத்தார், பிறர் நம்பி ஒப்படைத்ததை அன்று என்னும் மறுப்பே எங்களுக்கு இன்றளவும் வலுவாகத் தோன்றுகிறது. ஆயினும் காவலரின் கூலி அதனால் உயர்ந்துவிடவில்லை.

எங்கள் கல்லூரி நூலகமும் அப்போது பூட்டிக் கிடந்தது. ஒப்பந்தப் பணியாளர் ஒருவர், பாதிச் சம்பளத்தில், வாரம் இருமுறை வந்து சாளரங்களைத் திறந்து நூல்களுக்குக் காற்றுப்படச் செய்தார். எந்த அடுக்கில் எந்தப் பழம்பதிப்பு உள்ளதென்று அவருக்குத் தெரியும். முனைவர் பட்டம் பெற்ற எங்களுக்குத் தெரியாது.

ஆகவே 2022 மார்ச்சில் பால்டிமோரிலிருந்து வந்த செய்தி எங்களை வெகுவாக ஈர்த்தது. அங்குள்ள காவலர் 17 பேர் தாமே படைப்புகளைத் தெரிந்தெடுத்து ஒரு கண்காட்சியை அமைத்திருந்தனர். புவேர்ட்டோ ரிக்கோவைப் பூர்விகமாகக் கொண்ட காவலர் ஒருவர் தேர்ந்தவை, ஐரோப்பியர் வருமுன் அமெரிக்க மண்ணில் வடிக்கப்பட்ட பழஞ்சிற்பங்கள். அறிஞர் ஓர் ஓவியத்தின் முன் எத்தனை நிமிடம் நிற்பார்? காவலர் நாள் முழுதும் நிற்கிறார், கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும். இதை வெறும் விளம்பர உத்தி என்று ஒதுக்க எங்களுக்கு மனமில்லை. ஆனால் பாராட்டு பாராட்டுதான், ஊதியம் ஊதியம்தான். அதே ஆண்டில் அந்த ஊழியர்கள் வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்துக்கொண்டார்கள்.

அடுத்த நூலக வார விழாவுக்குப் பத்து நூல்களைத் தெரிந்து காட்சிக்கு வைக்கும்படி எங்கள் பணியாளரைக் கேட்டோம். மகிழ்ந்தார். பிறகு, ‘ஐயா, இதற்குத் தனியாக ஏதும் கொடுப்பார்களா?’ என்று கேட்டார். அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். நால்வரும் கையொப்பமிட்டுள்ளோம்.