பழைய காரும் ஒட்டோ கியரும்

கொழும்பில் பழைய கார் வாங்குவது ஏறக்குறையச் சம்பந்தம் பேசுவதைப் போன்ற காரியம். வெளித்தோற்றத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். குணத்தை விசாரிக்கத்தான் ஆளில்லை. காரின் குணம் பெரும்பாலும் அதன் கியர்ப் பெட்டியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அது ஒட்டோ கியராக இருந்துவிட்டால் விசாரணை இன்னும் கடினம்.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி மூப்படைந்தன. வாங்கிய விலைக்கு மேலாக விற்றவர்களையும் கண்டோம். ஜிந்துப்பிட்டியிலிருந்து பஞ்சிகாவத்தை அதிக தூரமில்லை. அங்குள்ள உதிரிப்பாகக் கடைகளின் முன்னே கழற்றி வைக்கப்பட்டிருக்கும் கியர்ப் பெட்டிகளைத் தேடி வருபவர்களின் முகங்களைப் பார்த்தாலே போதும், ஒரு குடும்பத்தின் சேமிப்பு எப்படிக் கரைகிறது என்பது விளங்கிவிடும்.

சென்ற ஆண்டு இந்த விடயம் எனக்கு மிக அருகில் வந்தது. பத்திரிகைக் காரியாலயத்தில் என்னோடு நீண்ட காலம் பணியாற்றிய ஒப்புநோக்குநர் ஒருவர், கொட்டாஞ்சேனைவாசி, கார் தேடினார். மனைவியை வாரத்தில் இரு தடவை இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவருடைய இடது முழங்கால் கிளச் மிதிக்க இடம் தராது. கையில் இருந்தது ஊழியர் சேமலாப நிதிப் பணம் மட்டுமே. "தம்பி, இது போனால் திரும்ப வராது. கூட வாரும்" என்றார். போனேன்.

ஒட்டோ என்று ஒரே பெயரால் அழைத்தாலும் உள்ளே இருப்பவை வெவ்வேறு இனங்கள். முதலாவது, எண்ணெயின் வழியே விசையைக் கடத்தும் பழைய முறை. 1939இல் ஜெனரல் மோட்டர்ஸ் அறிமுகம் செய்த ஹைட்ராமாட்டிக் இவ்வழியைப் பிரபலமாக்கியது. பின்வந்த டோர்க் கன்வேட்டர் அதனை மெருகூட்டியது. பிறேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக மெல்ல ஊரும். ஆமர் வீதிச் சந்தி நெரிசலில் இதைவிட இதமான சவாரி இல்லை. கியர் மாறுவது இலேசாக உணரப்படும். பெற்றோல் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். ஆயினும் எண்ணெயைக் காலத்துக்குக் காலம் மாற்றினால் நெடுநாள் உழைக்கும்.

இரண்டாவது, சீவீரீ எனப்படுவது. இரண்டு கப்பிகளும் அவற்றை இணைக்கும் உருக்குப் பட்டியுமே அதன் உயிர். நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958இல் இறப்பர்ப் பட்டியுடன் இதனைக் காரில் கொண்டுவந்தது. இதில் படிகள் இல்லையாதலால் குலுக்கமும் இல்லை. ஆனால் அழுத்தி மிதித்தால் இயந்திரத்தின் சத்தம் முன்னே ஓடும், வேகம் பின்னே வரும். வெப்பமும் தவறான எண்ணெயும் இதற்கு எமன். டோர்க் கன்வேட்டர் வண்டிக்குரிய எண்ணெயை இதற்கு ஊற்றிக் கெடுத்தவர்கள் உண்டு.

மூன்றாவது இரட்டைக் கிளச். ஹொண்டா 2013இல் வெளியிட்ட ஃபிட் ஹைபிரிட் இவ்வகையைச் சேர்ந்தது. திறந்த வீதியில் ஓட்ட இனிமையானது. ஊர்ந்து செல்லும் நெரிசலிலோ தடுமாறும். ஓராண்டு சொச்ச காலத்தில் ஜப்பானில் அந்தக் காரை ஐந்து தடவை திரும்ப அழைத்தார்கள். அவற்றுட் சில இந்தக் கியர்த் தொகுதியின் மென்பொருள் சார்ந்தவை. நான்காவது, இந்தியாவிலிருந்து வரும் சிறிய கார்களிற் காணப்படுவது. சாதாரண கியர்ப் பெட்டியேதான். கிளச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மட்டும் இயந்திரம் செய்கிறது. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் தலை ஒருமுறை முன்னே அசையும். பிரியஸ் தனி விடயம். அதையும் சீவீரீ என்றே சொல்வார்கள். ஆனால் உள்ளே பட்டி கிடையாது, பற்சக்கரங்களும் மின்மோட்டர்களும்தான். அங்கே பழைய பற்றரியைப் பற்றியே முதலில் கவலைப்பட வேண்டும்.

நாங்கள் முதலில் பார்த்தது ஒரு சீவீரீ கார். பளபளப்பு, குறைந்த மைலேஜ், கேட்ட விலையும் நியாயம். நாங்கள் போகும்போதே இயந்திரம் சூடாக இருந்தது. காலையில் ஒரு வேலையாகப் போய்வந்ததாக விற்பவர் சொன்னார். ஒட்டோ காரைக் குளிர்ந்த நிலையிற் பார்க்க வேண்டும். பின்னோக்கும் கியருக்கு மாற்றியதும் அது தாமதிக்கிறதா, அதிர்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். விவேகானந்த மேட்டில் மெதுவாக ஏற்றிப் பார்த்தோம். கல்வீதியில் ஓடுவது போன்றதொரு நடுக்கம் அடியிலிருந்து வந்தது. எண்ணெய் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். "அது வாழ்நாள் எண்ணெய், மாற்றத் தேவையில்லை" என்றார் அவர். "யாருடைய வாழ்நாள்?" என்று நண்பர் கேட்டார். ஒப்புநோக்குநர் அல்லவா, சொல்லில் ஐயமிருந்தால் விடமாட்டார்.

திரும்பி வரும்போது அவர் முகம் வாடியிருந்தது. மூன்று வாரங்கள் ஓட்டோவுக்குப் பணம் கொடுத்தே மனைவியை அழைத்துச் சென்றார். "நடுக்கம்தானே, சமாளிக்கலாமோ?" என்று ஒருநாள் இரவு தொலைபேசியிற் கேட்டார். சந்தி நடுவில் அம்மா உள்ளே இருக்கும்போது நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள் அண்ணே என்றேன். மறுமுனையிற் பேச்சில்லை.

இறுதியில் வாங்கியது 121 கொரொலா. இருபது வயது கடந்தது. நான்கு கியர் கொண்ட பழைய ஒட்டோ. நிறம் மங்கியிருந்தது. நமது மெக்கானிக் பாஸ் அளவுகோலை இழுத்து, எண்ணெயைத் துணியிற் தடவி மணந்து பார்த்தார். கருகல் வாடையில்லை. குளிர்ந்த இயந்திரத்தோடு மேட்டில் ஏற்றினோம், முனகலின்றி ஏறியது. சீவீரீ காரைவிட விலை குறைவு. மிஞ்சிய பணத்தை, கியர்ப் பெட்டிக்கு எப்போதாவது தேவைப்பட்டால் என்று நண்பர் நிலையான வைப்பிலிட்டார்.

பழைய கார் தேடும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆண்டையும் நிறத்தையும் பார்க்குமுன் உள்ளே இருப்பது எந்த இன ஒட்டோ என்று கேளுங்கள். சூடான இயந்திரத்தைக் காட்டினால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லுங்கள். ஏற்றத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எண்ணெய் மாற்றிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள்.

வாங்கிய முதல் வாரமே நண்பர் கியர் எண்ணெயை மாற்றினார். அடுத்து மாற்ற வேண்டிய கிலோமீற்றர் கணக்கை, அச்சுப்பிழை திருத்தும் அந்தச் சிறிய எழுத்தில், சிவப்புப் பேனாவால் எழிதி ஸ்ரியரிங்கின் அருகே ஒட்டியிருக்கிறார்.