பூட்டுக்குத் தனியாகக் காசு கொடுக்கணுமா?

காய்கறிக்காரம்மா கொசுறாகக் கொடுக்கும் கறிவேப்பிலையை நாம் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும், ‘சும்மா கிடைக்கிறது’ என்றால் மட்டம், ‘காசு கொடுத்து வாங்கினது’ என்றால் உசத்தி என்று ஒரு நினைப்பு நம் மனசில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு வாரம் முழுக்க இதே பேச்சுதான். வைரஸ் தடுக்கும் புரோகிராமை, அதாவது ஆன்ட்டி வைரஸை, விலைக்கு வாங்குவதா, இலவசமே போதுமா?

எங்கள் கம்ப்யூட்டரில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். என் கணவரின் வருமான வரிக் கணக்கு, பெண்ணின் காலேஜ் பாடங்கள், நான் போட்டு விற்கும் ஊறுகாய், பொடி வகைகளின் ஆர்டர் கணக்கு எல்லாம் அதில்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, 2019-ல் என் மாமனாரின் சதாபிஷேகத்தன்று எடுத்த வீடியோ. மறு வருஷம் அவர் போய்விட்டார். அவர் குரல் எங்களுக்கு அதில் மட்டும்தான் இருக்கிறது.

கடைக்காரர் விற்கும்போதே போட்டுக் கொடுத்த ஆன்ட்டி வைரஸின் சந்தா முடியும் நேரம். ‘உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது’ என்று திரையின் மூலையில் தினமும் ஒரு சிவப்புக் கட்டம் வந்து பயமுறுத்தியது.

“வருஷத்துக்கு 1,200 ரூபாய்தானே, கட்டிட்டு நிம்மதியா இரு” என்றார் என் கணவர்.

“வேண்டாம்மா, விண்டோஸ்லேயே ஒண்ணு இருக்கு, அதுவே போதும்” என்றாள் பெண்.

கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் தலையைத் தூக்கி, “சம்பளம் வாங்காம எவன் காவல் காப்பான்?” என்று ஒரே போடாகப் போட்டார்!

அந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. விசாரிக்கவும் படிக்கவும் ஆரம்பித்தேன்.

வைரஸ் என்பது நேற்று வந்த சமாசாரம் இல்லை. ‘பிரெய்ன்’ என்ற வைரஸ் 1986-லேயே ஃப்ளாப்பிகள் மூலம் உலகம் சுற்றியது. அதை எழுதியவர்கள் லாகூரைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர். ஆன்ட்டி வைரஸ் செய்யும் கே7 கம்பெனி நம் சென்னையிலேயே 1991-ல் தொடங்கியது. அந்தக் காலத்தில் பாதுகாப்பு வேண்டுமென்றால் பெரும்பாலும் தனியாகத் தேடித்தான் போட வேண்டும். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது, வைரஸ் தடுக்கும் ‘டிஃபெண்டர்’ அதற்குள்ளேயே சேர்ந்து வந்தது. இன்று விண்டோஸ் 11-லும் அது இருக்கிறது.

மாமியாரிடம் போய், “அம்மா, அவன் சம்பளம் வாங்காம காவல் காக்கலை. விண்டோஸ் வாங்கினப்ப கொடுத்த காசுலேயே சம்பளமும் அடக்கம்” என்றேன். “அப்படிச் சொல்லு!” என்று மறுபடியும் கீரையில் இறங்கிவிட்டார்.

காவல் ஒழுங்காகக் காக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? ஜெர்மனியில் மக்டபர்க் நகரில் ஏவி-டெஸ்ட் என்றும், ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக் நகரில் ஏவி-கம்பேரடிவ்ஸ் என்றும் இரண்டு பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. பலதரப்பட்ட ஆன்ட்டி வைரஸ்களை அவர்கள் சோதித்து வெளியிடுகிறார்கள். ஏவி-டெஸ்டில் பாதுகாப்பு, வேகம், உபயோகம் மூன்றுக்கும் ஆறு ஆறாக, மொத்தம் 18 மார்க். டிஃபெண்டர் பல தடவை விலை கொடுத்து வாங்குகிறவற்றோடு சரிசமமாக மார்க் வாங்கியிருக்கிறது.

அதற்காக ‘இலவசம்’ என்று போட்டிருப்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிவிடாதீர்கள். சில இலவசங்கள் நாள் முழுக்க ‘இதை வாங்கு, அதை வாங்கு’ என்று நச்சரிக்கும். சிலவற்றுக்கு விலையே நாம்தான்! இலவச ஆன்ட்டி வைரஸுக்குப் பேர்போன அவாஸ்ட் கம்பெனி, ஜனங்கள் இன்டர்நெட்டில் எங்கெங்கே போய் என்னென்ன பார்த்தார்கள் என்ற விவரத்தை விற்றது என்று குற்றம் சாட்டிய அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், 2024-ல் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வைத்தது.

காசு கொடுத்து வாங்குவதில் பலனே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். பல கம்பெனிகள் பெரிய பாக்கேஜில், குழந்தைகள் என்ன பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி, நாலைந்து கம்ப்யூட்டர்களுக்கும் போன்களுக்கும் சேர்த்து ஒரே சந்தா, சந்தேகம் வந்தால் போனில் கேட்க ஆள் எல்லாம் தருகிறார்கள். இவை தேவைப்படும் வீட்டில் வாங்கலாம். முதல் வருஷத்துச் சலுகை விலையை மட்டும் பார்க்காமல், இரண்டாம் வருஷம் எவ்வளவு, சந்தா தானாகவே புதுப்பித்துக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இப்படி நான் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் மதுரையிலிருந்து என் தங்கை போன் செய்தாள். பேச்சே வரவில்லை, ஒரே அழுகை. அவள் வீட்டில் நல்ல விலைக்கு வாங்கிய ஆன்ட்டி வைரஸ் இருந்தது. ஆனால் பதினாலு வயசுப் பையன் விலைக்கு விற்கும் ஒரு விளையாட்டைத் திருட்டுத்தனமாக இறக்கியிருக்கிறான். ‘முதலில் ஆன்ட்டி வைரஸை நிறுத்து, பிறகு இதைப் போடு’ என்று அதிலேயே குறிப்பு இருந்திருக்கிறது. பையனும் நிறுத்திவிட்டான்.

மறுநாள் காலையில் எந்தப் படமும் திறக்கவில்லை, எந்தக் கணக்கும் திறக்கவில்லை. ‘980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி’ என்று ஒரு கடிதம் மட்டும் கிடந்தது. டியூஷன் பிள்ளைகளின் கணக்கு, பையனின் முதல் பிறந்த நாள் படங்கள், எல்லாம் போச்சு.

“அக்கா, காசு கட்டித்தானே வச்சிருந்தேன்!” என்று அவள் கேட்டதை என்னால் மறக்க முடியவில்லை.

பணத்தைக் கட்டாதே என்றோம். கட்டினாலும் திறந்து கொடுப்பான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? சைபர் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுத்தாள். வாட்ஸ்அப்பில் எனக்கு எப்போதோ அனுப்பியிருந்த இருபது முப்பது படங்களைத் திருப்பி அனுப்பினேன். மிச்சம் வரவேயில்லை. பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

அன்றைக்கே எங்கள் வீட்டில் பேச்சு மாறிவிட்டது. எந்தக் காவலாளியை வைப்பது என்பதைவிட, திருடன் வந்துவிட்டால் நம்மிடம் என்ன மிஞ்சும் என்பதல்லவா பெரிய கேள்வி!

சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. பழைய ஆன்ட்டி வைரஸை முழுசாக நீக்கினோம். வேறொன்று இருக்கும்வரை ஒதுங்கி நிற்கும் டிஃபெண்டர், அது போனதும் தானாகவே வேலையை எடுத்துக்கொண்டது. ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து பச்சைக் குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

அடுத்தது அப்டேட். 2017 மே மாதம் ‘வான்னக்ரை’ என்ற வைரஸ் உலகம் பூராவும் ஆஸ்பத்திரிகளைக்கூட ஸ்தம்பிக்க வைத்தது. அதற்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது, போட்டுக்கொள்ளாதவர்கள்தான் அகப்பட்டார்கள். உங்களுடையது விண்டோஸ் 10 என்றால், அதற்கு வழக்கமான அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. ஆன்ட்டி வைரஸுக்குச் செலவு செய்வதற்கு முன்னால், விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா என்று விசாரியுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். சந்தாப் பணத்தோடு ஊறுகாய்ப் பணத்தையும் போட்டு ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாவற்றையும் அதில் காப்பி எடுத்து, வயரைக் கழற்றி, பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்துவிடுவேன். கழற்றுவது அவசியம், செருகியே வைத்திருந்தால், வருகிற வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். சதாபிஷேக வீடியோவின் இன்னொரு காப்பி கோயமுத்தூரில் நாத்தனார் வீட்டில் இருக்கிறது.

மாமியாருக்கு இதெல்லாம் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் முதல் ஞாயிறு காப்பி குடித்தவுடன், “ஏம்மா, அவரை எடுத்துப் பத்திரமா வச்சாச்சா?” என்று கேட்க மட்டும் அவர் மறப்பதில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குரல், ஒரு படம் இருக்கும். ஆன்ட்டி வைரஸ் இலவசமா, விலைக்கா என்பதை அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம். இந்த வாரம் முதல் வேலையாக அதை ஒரு காப்பி எடுத்து வைத்துவிடுங்களேன்!